கை வைக்குமுன்

யாழ்ப்பாணத்து ஓட்டு வீடுகளில் மாரி பிறந்ததும் முதலில் ஒழுகுவது பெரும்பாலும் ஓடு அன்று, பீலியே ஒழுகும். இரண்டு கூரைகள் சந்திக்கும் மூலையில் தகரத்தாலோ சீமெந்தாலோ அமைத்த பீலிக்குள், வேம்பும் மாவும் ஆண்டு முழுவதும் உதிர்த்த சருகு நிரம்பிக் கிடக்கும். ஐப்பசியில் வானம் திறந்துகொண்டதும் நீர் போக வழியின்றித் திரும்பி, ஓட்டின் கீழே புகுந்து, சலாகையை நனைத்து, கைமரம் வழியே ஓடி, எங்கோ ஒரு மூலையில், அநேகமாகப் புத்தக அலுமாரிக்கு நேர் மேலே, சொட்டத் தொடங்கும். சொட்டும் இடத்தை நிமிர்ந்து பார்த்து, அதற்கு நேரே உள்ள ஓட்டை மாற்றுவோர் பலர். மாற்றிய புது ஓட்டின் கீழும் அடுத்த மழைக்கு ஒழுகும். நீர் புகுந்த வாய் அதற்கு ஆறு முழத்துக்கு அப்பால், மேற்பக்கத்தில் இருக்கிறது.

குடாநாட்டு மழையிற் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையான மூன்று மாதங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. மற்றைய மாதங்களில் கூரை என்று ஒன்று இருப்பதையே நாம் மறந்திருப்போம். புரட்டாசியில் ஒரு பகற்பொழுது ஏணி சாத்திப் பீலியை வழித்துவிட்டால் தீர்ந்துபோகும் காரியம், மார்கழி நள்ளிரவில் வீட்டார் எல்லாரையும் எழுப்பிவிடுகிறது. அப்போதுதான் நம் ஆண்மக்களுக்கு வீரம் பிறக்கும். சாக்கைத் தலையிற் போட்டுக்கொண்டு மழைக்குள் கூரையேறப் புறப்படுவார்கள். பாசி படர்ந்த ஈர ஓட்டின்மேல் கால் நிற்காது. கையிலுள்ள விளக்கொளியில் எந்த ஓடு உடைந்தது, எது விலகியது என்று தெரியவும் தெரியாது. நல்லாயிருந்த நாலு ஓட்டை மிதித்து உடைத்துவிட்டு இறங்குவதே நடக்கும். அதுவும் ஏணி வழியாக இறங்கினால் நல்லது.

இரவு மழையிற் கூரைக்கு நாம் செய்யக்கூடியவை யாவும் கீழே நின்று செய்யக்கூடியவைதாம். சொட்டும் இடத்தில் வாளி வைப்பது, அலுமாரியை நகர்த்துவது, மின்குமிழின் பக்கம் நீர் வந்துவிட்டால் அந்த அறையின் மின்னோட்டத்தை நிறுத்துவது. சீலிங் பலகை நீரைத் தாங்கி வயிறு தள்ளி நின்றால், அதன் மிகத் தாழ்ந்த இடத்தில் ஓர் ஆணியாற் சிறு துளை இட்டு, வாளியைக் கீழே வைத்துவிட வேண்டும். நல்ல பலகையில் துளையிடுவதா என்று தயங்குவோர், விடிவதற்குள் முழுப் பலகையும் படுக்கையின்மேல் கிடக்கக் காண்பர்.

ஓர் இடைப்பேச்சு. வீட்டின் உறுப்புக்களுக்கு நாம் வழங்கும் பெயர்களைக் கவனித்தால், யார் யாரிடம் என்ன என்ன கற்றோம் என்பது தெரிந்துவிடும். யன்னல், விறாந்தை, குசினி, அலுமாரி, அலவாங்கு ஆகியவை போர்த்துக்கீசர் விட்டுச் சென்ற சொற்கள். தொழில் வல்லானைத் தென்னிலங்கையில் 'பாஸ்' என்று அழைக்கும் வழக்கு ஒல்லாந்தர் மொழியிலிருந்து வந்தது. மேசன் ஆங்கிலேயர் கொடை. கைமரமும் வளையும் முகடும் ஓடாவியும் நம்முடையனவாக எஞ்சின. கூரையளவிலாவது தமிழ் பிழைத்துக்கொண்டது என்று ஆறுதல் கொள்ளலாம்.

ஓட்டுக் கூரையில் ஏறுவதைக் காட்டிலும் பொல்லாதது அஸ்பெஸ்டோஸ் தகட்டுக் கூரையில் ஏறுவது. ஓடு உடைந்தாற் கால் மட்டும் போகும், ஆளைச் சலாகை தாங்கும். தகடு பழசாகிவிட்டால் முன்னறிவிப்பின்றி முறிந்து ஆளையே கீழே விடும். அதை அறுப்பதும் துளைப்பதும் இன்னொரு வகைக் கேடு. கண்ணுக்குத் தெரியாத நார்த் தூசி நெஞ்சிற் படிந்து, பல பத்தாண்டுகளுக்குப் பின் நோயாக வெளிப்படக்கூடியது. மரம் விழுந்து தகடு நொறுங்கினால், துண்டுகளை நீர் தெளித்து நனைத்தபின் தொடுவதும், உலர்ந்த தும்புத்தடி கொண்டு கூட்டாமல் விடுவதும் வீட்டார் செய்யத்தக்கவை. மேலே ஏறி மாற்றும் வேலை, குறுக்கே பலகை போட்டு நடக்கப் பழகிய தொழிலாளிக்கு உரியது.

இனி நீர்க்குழாய். இது வெடிப்பது கூரை ஒழுகுவதிலும் பெரிய ஆரவாரத்தோடு நிகழும். ஆனால் ஆபத்திற் சிறியது. நம் வீடுகளிற் பெரும்பாலும் நீர் வருவது மேலே தூக்கி வைத்த தாங்கியிலிருந்து. தாங்கி 6 மீற்றர் உயரத்தில் இருந்தால், கீழே குழாயில் உள்ள அமுக்கம் சதுர சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 0.6 கிலோகிராம் மட்டுமே. அதனாலேதான் நம்மூரில் யாரோ கண்டுபிடித்து எல்லாரும் பின்பற்றிய அந்தப் பழைய வைத்தியம் பலிக்கிறது. பழைய சைக்கிள் ரியூப்பை நீள நாடாவாக அரிந்து, இழுத்து இழுத்து வெடிப்பின்மேல் பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றி முடிந்துவிட்டால், ஒரு கிழமைக்குக்கூட அது நிற்கும். நகரத்துப் பெருங்குழாயில் நேரே இணைத்த வீடுகளில் அமுக்கம் இதனிலும் பன்மடங்கு இருக்கலாம். அங்கே இந்த நாடா பீறிட்டுக்கொண்டு போகும்.

எந்த வைத்தியத்துக்கும் முன்னே செய்யவேண்டியது வால்வை மூடுவது. இங்கேதான் நகைப்புக்கிடமான காட்சி ஒன்று வீடு தோறும் நடக்கிறது. தாங்கியின் கீழே வால்வு இருக்கும். வீடு கட்டிய நாள் தொட்டு அதை ஒருவரும் தொட்டிருக்க மாட்டார்கள். பித்தளைத் தண்டு சுண்ணாம்பு படிந்து இறுகிக் கிடக்கும். நம் கிணற்று நீர் சுண்ணக்கல்லிலே ஊறி வருவது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது எதுவோ அதுவே வால்விலும் படிகிறது. குசினி வெள்ளமாகிக்கொண்டிருக்கையில் குறடு கொண்டு அதை முறுக்கினால் தண்டு கையோடு வரும். தைப்பொங்கலுக்கு ஒருமுறை, ஆடிப்பிறப்புக்கு ஒருமுறை, வால்வை முழுவதும் மூடித் திறந்துவிடும் வீட்டில் இந்தக் காட்சி இல்லை. ஆண்டை அந்த இரண்டு நாட்களும் சரி பாதியாக வகுத்துத் தருவது நமக்கு ஒரு வசதி.

வெளியே தெரியும் பி.வி.சி. குழாயை வீட்டாரே ஒட்டிக்கொள்ளலாம். குழாய் முற்றாக உலர்ந்திருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. ஈரத்தின்மேல் பூசிய பசை பிடித்ததுபோற் காட்டி, நாம் படுக்கப் போனபின் விட்டுவிடும். சுவருக்குள் ஓடும் குழாயில் நாம் கை வைப்பதற்கில்லை. உள்ளே கசிகிறதா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. இரவிலே எல்லாத் திருகுபிடிகளையும் மூடி, தாங்கியின் நீர்மட்டத்தைக் குறித்து வைத்து, காலையிற் பார்ப்பது. மட்டம் தாழ்ந்திருந்தால் ஆளை அழைக்க வேண்டும். சுவரைக் கொத்தித் தேடும் வேலையை நாமே தொடங்கினால், கசிவைக் காணுமுன் மின்கம்பியைக் காண்போம்.

நீர் இறைக்கும் பம்பியைப் பற்றிச் சொல்லும்போது விஷயம் விளையாட்டாக இருப்பது நின்றுவிடுகிறது. நிலத்தில் வைத்த பம்பி எவ்வளவு விலையுயர்ந்ததாயினும், ஏறக்குறைய 7 மீற்றருக்குக் கீழே உள்ள நீரை உறிஞ்சுவது அரிது. நீரை மேலே ஏற்றுவது வளிமண்டலத்தின் அமுக்கம். அது குறையொன்றும் இல்லாத இடத்திலேயே 10 மீற்றரளவுதான் தாங்கும். ஆவணியில் நீர்மட்டம் தாழும்போது பம்பி வெறுங்காற்றை இழுத்து இரைவது இதனாலேதான், பம்பியிற் பழுதில்லை. ஆகவே பம்பியைக் கிணற்றுக்குள் இறக்கும் யோசனை எல்லாருக்கும் தோன்றுகிறது. மின்பம்பியை இறக்கினால் ஈரமும் மின்னும் ஒன்றுசேரும் அபாயம். எண்ணெயில் ஓடும் எஞ்சினை இறக்கினால் அதனிலும் பெரிய அபாயம் ஒன்று, கண்ணுக்குத் தெரியாமல், கூடவே இறங்குகிறது.

1994ஆம் ஆண்டு ஆவணியில் என் பெரியம்மா வீட்டுக் கிணற்றைச் சேறு வாரினார்கள். மின்சாரம் இல்லாத காலம். மண்ணெண்ணெய் எஞ்சின் ஒன்றை வாடகைக்கு எடுத்து, கயிறு கட்டி இறக்கி, கிணற்றின் உட்பக்கத்துக் கல்லொட்டிலே வைத்து இறைத்தார்கள். வேலைக்குத் தலைமை ஓர் அப்பு. ஐம்பது ஆண்டு கிணறு வெட்டியவர். குழாயின் வாயை நகர்த்துவதற்குப் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் இறங்க வேண்டியிருந்தது. அப்பு அவன் கக்கத்தின் கீழே கயிறு கட்டாமல் இறங்க விடவில்லை. பையன் வெட்கப்பட்டான், கட்டியதை நாங்கள் பார்த்துச் சிரித்தோம். இறங்கிக் குழாயை நகர்த்தினான். மேலிருந்து கேட்டதற்கு இரண்டு தடவை மறுமொழி சொன்னான். மூன்றாந் தடவை சொல்லவில்லை. எட்டிப் பார்த்தபோது, உறங்குகிறவனைப்போலக் கல்லொட்டிலே சாய்ந்திருந்தான்.

அவனுடைய தமையன் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுக் கிணற்றுக் கட்டிலே ஏறினான். அப்பு அவனுடைய இடுப்பை இரு கையாலும் கட்டிக்கொண்டார். "ஒருதரும் இறங்கக் கூடாது. இறங்கினால் ரண்டு சவம். கயிறு கிடக்குது, இழுங்கோடா!" என்று கத்தினார். நாலு பேராக இழுத்தோம். பையன் துணிமூட்டை போல வந்தான். மாமரத்தின் கீழே காற்றில் கிடத்தியபின் மெல்ல மூச்செடுத்து, வாந்தி செய்து, கண் திறந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு நாள் தலையிடி நீங்கவில்லை, பிறகு தேறிவிட்டான். கீழே எஞ்சின் ஓடிக்கொண்டேயிருந்தது. அதை நிறுத்துவதற்கும் அப்பு ஒருவரையும் இறங்கவிடவில்லை. மண்ணெண்ணெய் பொன்போல விற்ற அந்நாளில், தாங்கி வற்றும்வரை அது ஓடி ஓய்ந்தது.

எஞ்சினின் புகையிலே காபனோரொட்சைட்டு என்னும் வாயு இருக்கிறது. நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஒட்சிசன் ஏறவேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். மூச்சுத் திணறுவதுகூடத் தெரியாது, உறக்கம் வருவதுபோல் இருக்கும். கிணற்றுக்குள் விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. ஒட்சிசன் குறைந்திருந்தால் விளக்கு அணையும், அது உண்மை. ஆனால் காபனோரொட்சைட்டு ஆளைக் கொல்லும் அளவுக்கு இருந்தாலும் விளக்கு ஒளி மங்காமல் எரிந்துகொண்டிருக்கும். எரியும் விளக்கை நம்பி இறங்குவது, குருடனை வழிகாட்டச் சொல்வதை ஒக்கும். கிணற்று விபத்துக்களைப் பற்றிய பத்திரிகைச் செய்திகளிலே ஓர் ஒற்றுமையை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். இறப்பவர் ஒருவராக இருப்பது குறைவு. முதலாமவரைக் காப்பாற்ற இறங்கிய தந்தையோ தம்பியோ அடுத்த பெயராக அந்தச் செய்தியில் இருப்பர்.

மலக்குழியின் கதையும் இதுவே. அடைப்பு எடுக்கவென்று மூடியைத் திறந்து உள்ளே இறங்கும் துணிச்சலை நான் பல இடங்களிற் கண்டிருக்கிறேன். அங்கே உள்ள ஐதரசன் சல்பைட்டு வாயு முதலில் அழுகிய முட்டை போல நாறும். செறிவு கூடினால் மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று ஒருவன் எண்ணும் கணமே அவனுக்கு மிகக் கொடிய கணம். வெளியே நின்று நீண்ட மூங்கிலாலும் நீராலும் அடைப்பை நீக்க முயலலாம். அதற்குமேல் உறிஞ்சு வண்டி உடையவர்களை அழைப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. வற்றாத ஆறு எதுவும் இல்லாத குடாநாட்டில் அந்தக் குழியும் குடிநீர்க் கிணறும் ஒரே சுண்ணப்பாறையைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. குழியை உடைத்து எங்கேனும் திறந்துவிடுகிறவர் தம் கிணற்றுக்கு மட்டுமன்றி அயலவர் கிணற்றுக்கும் அதை அனுப்புகிறார்.

'எல்லாவற்றையும் நாமே பார்த்துக்கொள்வோம்' என்னும் இந்த மனப்பான்மை எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பார்த்திருக்கிறேன். 1990ஆம் ஆண்டின் பின் குடாநாட்டிற் பல ஆண்டுகள் மின்சாரம் இல்லை. உதிரிப் பொருள்கள் வந்து சேரவில்லை. ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கெரித்தோம். சில துளி பெற்றோலில் எஞ்சினைக் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினோம். வாசர் இல்லையென்றால் செருப்பின் றப்பரை வெட்டி வைத்தோம். அப்படி ஒரு தலைமுறை வளர்ந்தது. அதன் கைத்திறனை நான் மதிக்கிறேன். அந்நாளில் அது இல்லாதிருந்தால் வாழ்ந்திருக்க முடியாது. ஆனால் அத்தலைமுறையின் பெரும்பகுதி இளமையிலே மின்சாரத்தோடு பழகவில்லை. ஜாம் போத்தல் பழுதுபட்டால் கை சுடும், அவ்வளவே. பின்னர் 230 வோல்ற்று மின்சாரம் வீட்டுக்குள் வந்தபோது, அதே கையும் அதே துணிவும் மின்கம்பியை நோக்கி நீண்டன. உருகி எரிந்துபோனால் அதற்குரிய மெல்லிய கம்பியை இடாமல் தடித்த செப்புக்கம்பியை முறுக்கி வைக்கும் வழக்கம் எத்தனை வீடுகளில்! உருகி உருகுவதற்காகவே வைக்கப்பட்டது. அது உருகாவிட்டாற் சுவருக்குள் இருக்கும் கம்பி உருகும்.

இப்போது அநேக வீடுகளில் ட்ரிப் சுவிச் இருக்கிறது. போன மின்னோட்டத்துக்கும் திரும்பிய மின்னோட்டத்துக்கும் இடையில் 30 மில்லியம்பியர் அளவு குறைந்தால் அது விழுந்துவிடும். பழைய 60 உவாற்றுக் குமிழ் ஒன்று எடுக்கும் மின்னோட்டம் 260 மில்லியம்பியர்; அதன் ஒன்பதில் ஒரு பங்களவு எங்கோ வழி தவறி, ஒருகால் ஒரு மனிதனின் உடல் வழியாக, நிலத்துக்குப் போகிறது என்பதே அதன் பொருள். மழை இரவில் அது விழுந்தால் வீட்டார் செய்யக்கூடியது இவ்வளவு: சிறு சுவிச்சுக்கள் எல்லாவற்றையும் நிறுத்தி, ட்ரிப் சுவிச்சைத் தூக்கி, பின் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது. எதைப் போட்டதும் விழுகிறதோ அந்தப் பகுதியிற் பழுது. அங்கே செருகியிருக்கும் கருவிகளைக் கழற்றியபின் நின்றால், பழுது கருவியில். குளிர்சாதனப் பெட்டியோ நீர்ப்பம்பியோ. கழற்றியும் விழுந்தால் பழுது சுவருக்குள். அந்தப் பகுதியை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு, மெழுகுதிரி வெளிச்சத்திற் சாப்பிட்டுப் படுப்பதே செய்யத்தக்கது. காலையில் மின்வேலை தெரிந்தவர் வருவார். விழ விழத் தூக்கிவிட்டு, ஈற்றில் அது விழாதபடி தடி கொடுத்து நிறுத்தும் வீரர்களும் இருக்கிறார்கள்.

ட்ரிப் சுவிச்சிலே சோதனைக்கென ஒரு சிறு பொத்தான் உண்டு. அதை மாதம் ஒருமுறை அழுத்தினால் சுவிச் விழ வேண்டும். விழாவிட்டால், காவலாளி இறந்துபோய் நாற்காலியில் இருக்கிறான் என்று கொள்க. காவலாளி உயிரோடிருந்தாலும் அவனுக்குத் தெரியாத களவு ஒன்று இருக்கிறது. மரக் கதிரையில் ஏறி நின்று, ஒரு கையால் மின்னுள்ள கம்பியையும் மறு கையால் மற்றைக் கம்பியையும் ஒருவன் தொட்டால், போனது அவ்வளவும் திரும்பி வருகிறது. சுவிச்சின் கணக்கில் குறைவில்லை. அது விழாது. ஆகவே ட்ரிப் சுவிச் இருக்கிறதென்று எண்ணி மின்னுள்ள கம்பியிற் கை வைப்போர்க்கு அது துணை வராது. மின்மானியும் அதற்கு முன்னுள்ள கம்பியும் வழங்குவோருக்குச் சொந்தமானவை. முத்திரை உடைக்கும் அதிகாரம் வீட்டாருக்கும் இல்லை, வீட்டார் அழைத்து வரும் தொழிலாளிக்கும் இல்லை. தெருவிலே கம்பி அறுந்து கிடந்தால் பத்து மீற்றருக்கு அப்பால் நின்று, பிறரையும் நெருங்காமல் தடுப்பதே பெரும்பணி.

எரிவாயுவைப் பற்றி 2021ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் நாடே பேசியது. பல பாகங்களிலும் அடுப்புகள் வெடித்த செய்திகள் வந்தன. சிலிண்டரில் புரொப்பேனின் விகிதம் கூட்டப்பட்டமை குறித்துப் பெரும் சர்ச்சை எழுந்தது. அந்நாட்களில் விறகடுப்புக்குத் திரும்பிய வீடுகளை நான் அறிவேன். அச்சம் தணிந்ததும் பழைய அசட்டையும் திரும்பிவிட்டது. இந்த வாயு காற்றைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு பாரமானது. மேலே எழுந்து போகாமல் தரையிற் படியும். குசினியில் அந்த நாற்றம் வந்தால் சுவிச் எதையும் தொடலாகாது. போடுவது மட்டுமன்று, நிறுத்துவதும் பொறி எழுப்பும். சிலிண்டரின் வால்வை மூடி, கதவுகளை அகலத் திறந்து, பிள்ளைகளோடு முற்றத்துக்கு வந்துவிட வேண்டும். குசினியில் ஓடும் குளிர்சாதனப் பெட்டி நம்மைக் கேளாமல் தானே நின்று தானே தொடங்கும் கருவி. அதை நிறுத்த உள்ளே ஓடுவது கூடாது. வீட்டின் பிரதான சுவிச் வெளி விறாந்தையில், வாயு எட்டாத இடத்தில் இருந்தால் மட்டும் அங்கே நிறுத்தலாம். நாற்றம் முற்றாக நீங்கியபின், குழாயிலும் பொருத்திலும் சவர்க்கார நீர் பூசிக் குமிழி எழும் இடத்தைக் காணலாம். றப்பர்க் குழாயை மாற்றுவது வீட்டார் வேலை. ஒழுகும் வால்வை ஆணியாலும் குறட்டாலும் திருத்துவது எவர் வேலையும் அன்று. சிலிண்டரை வெளியில் நிழலில் வைத்துவிட்டு விற்றவரை அழைக்க வேண்டும்.

2008ஆம் ஆண்டு நிஷாப் புயலின்போது நம் குடாநாட்டில் வீடுகள் வெள்ளத்தில் நின்றன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது நாட்டின் பல மாவட்டங்களுக்கும் அதே கதி வந்தது. வெள்ளம் வடிந்ததும் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது வெளிச்சம் வேண்டும் என்பதே. சுவரில் உள்ள செருகுதுளைகளுக்குள் சேறு இருக்கும். வெளியே உலர்ந்து உள்ளே ஈரமாகக் கிடக்கும். காப்புத் தடையை அளக்கும் கருவியோடு ஒருவர் வந்து பாராமல் பிரதான சுவிச்சைத் தூக்கலாகாது. அவர் வர ஒரு கிழமை செல்லலாம். அந்தக் கிழமை நீளமானதுதான்.

சுவர் வெடிப்பைப் பற்றி ஒரு சொல். பூச்சிலே மயிரிழைபோல் ஓடும் வெடிப்புக்கு அஞ்ச வேண்டியதில்லை. யன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் வெடிப்பின் இரு முனையிலும் பென்சிலாற் கோடிட்டுத் திகதி எழுதிவைத்தால், அது நடக்கிறதா நிற்கிறதா என்று இரண்டு மாதத்திலே தெரியும். நடக்கும் வெடிப்புக்குச் சீமெந்து பூசுவது புண்ணுக்கு மேலே சந்தனம் பூசுவது போன்றது. மேசனிடமும் நில்லாமல், அத்திவாரம் அறிந்த பொறியியலாளரிடம் போகவேண்டும். மலையகத்திலே இது வேறு கணக்கு. நிலத்தில் புதிதாக வெடிப்பு, கதவு திடீரென இறுகுதல், மரங்கள் சரிதல், இல்லாத இடத்தில் கலங்கல் ஊற்று என இவை மழைநாளில் ஒன்றாய்த் தெரிந்தால் அங்கே பழுதுபார்க்க எதுவுமில்லை. இரவானாலும் வெளியேற வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கைகளை அங்கே வானொலிப் பாட்டுக்கும் முன்னதாகக் கேட்பது நல்லது. லயத்துக் காம்பிராவில் வாழ்வோர்க்கு வெளியேறிப் போக இடம் எது என்ற கேள்வியை நான் மறக்கவில்லை. அது மேசனாலும் பொறியியலாளராலும் தீராதது.

ஆளை அழைப்பது என்று முடிவு செய்தபின் எந்த ஆள் என்பது அடுத்த வில்லங்கம். புயலுக்கு மறுநாள் ஓடாவிக்கும் மின்வேலையாளுக்கும் கூலி இரட்டிக்கும். அதில் நியாயமும் உண்டு, அநியாயமும் உண்டு. நல்ல மின்வேலையாளை நான் ஒரு குறிப்பால் அறிவேன். வந்ததும் பெட்டியைத் திறக்கமாட்டார்; "ஐயா, எப்ப தொடங்கினது? அதுக்கு முதல் என்ன செய்தனீங்கள்?" என்று கேட்பார். பிறகு மின்னை நிறுத்துவார். நிறுத்தியது நின்றதா என்று கருவி வைத்தும் பார்ப்பார். தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உள்ளவர் மகிழ்ந்து காட்டுவார். கூலியை வேலை தொடங்குமுன் பேசிக்கொள்ள வேண்டும். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். தேநீர் கொடுப்பது நம் வழக்கம்; கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் அவர் ஏணியில் நிற்கும்போது கூப்பிட்டன்று.

என் வீட்டில் குசினிக் கதவின் உட்பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டியிருக்கிறேன். தண்ணீர் வால்வு எங்கே, பிரதான சுவிச் எங்கே, சிலிண்டரை எப்பக்கம் திருப்பினால் மூடும் என்பன அதிலே இருக்கின்றன. கீழே மின்வேலையாள், குழாய்வேலையாள், ஓடாவி மூவரின் தொலைபேசி எண்களும், அம்புலன்சுக்கு 1990 என்பதும். எழுத்தைப் பெரிதாக எழுதச் சொன்னவள் என் பேத்தி. ஏழு வயது. வீட்டில் பெரியவர்கள் இல்லாத நேரத்தில் அதை வாசிக்க வேண்டியவள் தான்தானே என்றாள்.